ஜமீன் நந்தவனத்தின் ஒற்றை வாசல்

பாழடைந்து கிடந்த ஜமீன் நந்தவனத்தைப் பழையபடி மீட்டு, ஊருக்குப் பொதுப் பூங்காவாகத் திறக்கும் வேலை நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. மகிழமரங்கள் பிழைத்துவிட்டன. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மிச்சம் இருந்தது வாசல்தான். காவலுக்கு ஒரே ஆள் என்பதால் ஒரு வாசல்தான் வைக்கலாம். அதுவும் ஆதியில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நகராட்சிப் பொறியாளர் கோமளவல்லி. ஓய்வுபெற இன்னும் பதினோரு நாள். முழங்காலும் மனமும் ஒன்றாகத் தேய்ந்துபோயிருந்தன.

ஜமீன் வாரிசு துரைசிங்கம் அவளை வடக்கே அழைத்துப் போனார். அங்கே ஓர் அலங்கார வளைவு, உச்சியில் இரண்டு கல்மயில்கள். அவர் கையில் பாட்டனார் காலத்து வரைபடம்.

"பாருங்க மேடம், வாசல்னு எழுதியே இருக்கு. இன்னும் என்ன சாட்சி வேணும், மயில் இறங்கி வந்து சொல்லணுமா?"

கோமளவல்லி குனிந்து பார்த்தாள். படிக்கல் ஒரு பள்ளமும் இன்றிச் சமமாக இருந்தது. உளி கொத்திய வரிகள்கூட அழியவில்லை. செருப்பைக் கழற்றி மிதித்தால் குத்தின.

கிழக்கு மதிலில் ஓர் உடைப்பு. தன் பணிக்காலத்தில் மூன்று முறை அதை அடைக்கச் சொன்னவள் அவளே. மூன்று முறையும் மதிலுக்கு வெளியே குடியிருக்கும் தெருக்காரர்கள் இடித்துவிட்டார்கள். கோமளவல்லி அங்கே போனபோது அந்தத் தெருவின் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள், ரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சைக்காகப் புருஷனை இந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக நடத்திப் போவாள். சுற்றிப்போனால் ஒன்றரை மைல்.

"நாலாவது தடவையும் அடைக்க வந்தாச்சாக்கும்," என்றாள். "நாங்க இடிச்சது உங்க செங்கல்லத்தாம்மா. பழைய கருங்கல்லு ஒண்ணத் தொட்டிருப்பமா?"

உடைப்பின் இருபுறமும் தரையில் ஒவ்வொரு கல் பதிந்திருந்தது. இரண்டிலும் கொட்டாங்கச்சி அளவுக்கு வட்டக் குழி. தெருப்பெண்கள் அவற்றில் குருவிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள்.

"இந்தக் குழிய யாரு வெட்டுனது?"

"யாரு கண்டா? எங்க மாமியா காலத்துலயே குருவி குடிச்சுதாம்."

கோமளவல்லி மெல்ல உட்கார்ந்து, தண்ணீருக்குள் விரலை விட்டுச் சுற்றினாள். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று.

வரைபடத்தோடு நிற்கிறார் ஒருவர். ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நிற்கிறாள் ஒருத்தி. சொல்லுங்கள், நந்தவனத்தின் ஆதி வாசல் எது?

விடை: கிழக்கு. அந்தக் காலத்துப் பெருங்கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் அடியில் முளைபோல நீண்டிருக்கும் குடுமி கற்குழியில் நின்று சுழலும். பல ஆண்டுகள் சுழன்று குழியை வழவழப்பாக்கும். வடக்கு வளைவில் குழியும் இல்லை, கால் தேய்த்த தடமும் இல்லை. வரைபடம் ஜமீன்தாரின் ஆசை மட்டுமே. அங்கே கதவு மாட்டவேயில்லை. கோமளவல்லி "கிழக்கு" என்று எழுதினாள். படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில், "இது உடைப்பு அல்ல, வாசல். மூன்று முறை அடைத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.