தலைகீழ்த் தண்டோரா

ஒரு ராஜாவுக்குச் சடையப்பர் என்று ஒரு மைத்துனர். பதவி ஏதும் கிடையாது. ஆனால் அவர் சரியென்று சொல்லாமல் அரண்மனையில் அடுப்புகூட எரியாது.

ஒருநாள் தண்டோரா போடும் கொண்டையனைக் கூப்பிட்டார். "நான்தான் நாட்டை ஆள்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு. ராஜாதான் ஆள்கிறார் என்று ஜனங்களை நீ நம்பவைக்கணும். இல்லாவிட்டால் உன் தலை இருக்காது."

கொண்டையன் காதைச் சொறிந்தான். "எஜமான், நெற்களஞ்சியம் நிறைஞ்சிருக்குன்னு போன மாசம் சொல்லச் சொன்னீங்க. அன்னைக்கே ஜனங்க அரிசியைப் பதுக்கிட்டாங்க. நம்ம தண்டோராவைத் தலைகீழாத்தான் எடுத்துக்கறாங்க. அதனால தலைகீழாவே சொல்லிடட்டுமா?"

சடையப்பருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அதை ஓலையில் எழுதி, தன் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் அரண்மனை வாசலில் டும் டும் என்று முழங்கியது. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த நாட்டை ஆள்பவர் ராஜா இல்லை, மைத்துனர் சடையப்பர்."

"இந்தத் தண்டோரா இன்னைக்குத்தான் உண்மையைச் சொல்லியிருக்கு" என்றாள் ஒரு கீரைக்காரி.

மாடத்தில் நின்ற ராஜா தண்டோராவையும் கேட்டார், கீரைக்காரி சொன்னதையும் கேட்டார். கொண்டையனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் ஓலையை நீட்டினான்.

அடுத்த வாரம் இன்னொரு தண்டோரா: "சடையப்பர் தாமாகவே விரும்பிக் காசிக்குப் போகிறார்."

ஜனங்கள் வழக்கம்போலத் தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.