எருமைத் தலைக்கு அளவெடுத்த குண்டு

டக்டக்கென்று பூட்ஸ் சத்தம் முதலில் வந்தது. பிறகுதான் ஜமீன்தாரும் விருந்தாளிகளும் வந்தார்கள். ஈயம் காய்ச்சித் துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொண்டிருந்த மாசானம் எழுந்து நின்றான்.

ஜமீன்தார் கையிலிருந்த துப்பாக்கியை நீட்டினார். "நாளைக்குக் காட்டெருமை வேட்டைடா. இந்தச் சின்னக் குழல் துப்பாக்கி போதும். அரண்மனைச் சுவத்துல தலை தொங்குதே, அந்த எருமை நான் இதுல சுட்டுத்தான் விழுந்துச்சு. நீ முன்னால நின்னு வெடிமருந்து கெட்டிச்சுக் குடு."

சின்னக் குண்டுக்கு எருமை சாகாது, முன்னால் நிற்கிறவன்தான் சாவான் என்று மாசானத்துக்குத் தெரியும்.

"உத்தரவு சாமி. அந்தத் தலையில இருக்கிற ஓட்டைக்கு அளவெடுத்துதான் வார்த்திருக்கேன்" என்று ஒரு குண்டை எடுத்து அந்தச் சின்னக் குழலின் வாயில் வைத்தான். அது உள்ளே இறங்காமல் எலுமிச்சம்பழம் போல மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"இந்தக் குண்டு இதுல நுழையவே இல்லையே. அப்ப அந்த எருமையைச் சுட்டது யாருங்க?" என்றார் ஒரு விருந்தாளி.

ஜமீன்தார் மீசையைத் தடவினார். "பெரிய குழல் துப்பாக்கியையே எடுத்து வைடா."

"சரிங்க சாமி" என்று மாசானம் உட்கார்ந்து, அடுத்த குண்டுக்கு ஈயத்தை ஊற்றினான்.