ஓடைக்கரை நாவலில் ஒற்றைக் காளான்

“மரத்தைத் தின்கிறதெல்லாம் மரத்துக்குப் பகையில்லை, மாப்பிள்ளை...” என்று தொடங்கி மாமனார் ஏதோ சொல்வார். மீதி கொண்டையன் மரங்கொத்திக்கு நினைவில்லை.

சோலைக்காட்டில் கொண்டையன் தன்னை மர வைத்தியன் என்று சொல்லிக்கொண்டான். எந்த மரத்தில் வெள்ளைக் காளானைக் கண்டாலும், “நோய்! நோய்!” என்று கொத்திக் கீழே தள்ளுவான். நாலு வருஷத்தில் காளான் அரிதாகிப் போனது.

முட்டையிடும் காலம் வந்தது. புதுப் பொந்து தோண்டப் போனான். முதல் மரம் இரும்பு. அடுத்தது கல். பத்தாவது மரத்தில் அலகு நுனி பெயர்ந்தது.

“ஏங்க, இன்னும் மூணே நாள்! முட்டையைக் கொம்புல ஒட்டியா வைக்க முடியும்?” என்றாள் மனைவி செம்பி.

மேல்கிளையில் மலையணில் சிரித்தது. “வைத்தியரே! மரமெல்லாம் நல்ல ஆரோக்கியம். அதான் உமக்கு வீடில்லை!”

“என்ன உளறுகிறாய்?”

“காளான்தானே வைரம் பாய்ந்த மரத்தை உள்ளே பஞ்சாக்கும்? அதற்கப்புறம்தான் உங்கள் அலகு இறங்கும். அதைத்தான் நீர் ஒழித்துவிட்டீரே!”

கொண்டையன் சுற்றியிருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். “ஒன்றுகூட மிச்சமில்லையா?”

“ஓடைக்கரை நாவலில் ஒன்று இருக்கு.”

மூவரும் போனார்கள். கிழட்டு நாவலில், வெள்ளாட்டுத் தாடி போலக் காளான் தொங்கியது. கொண்டையன் அதை ஒட்டித் தட்டினான். டொப்! மெத்தென்றிருந்தது. வேறெங்கே தட்டினாலும் ணங்!

“தோண்டுங்க!” என்றாள் செம்பி.

“தோண்டினால் காளான் விழுந்துவிடும்” என்றது அணில். “அதன் விதைத்தூள் இன்னும் பறக்கவில்லை. பத்து நாள் விட்டால் காற்றில் போய் வேறு மரங்களில் ஒட்டும். இது போனால் இந்தக் காட்டில் காளானே கிடையாது.”

“பத்து நாளா? என் முட்டை காத்திருக்குமா?”

“கிளி விட்டுப்போன பழைய பொந்து ஒன்று மேட்டில் சும்மா கிடக்கு.”

“பழைய பொந்தா!” செம்பி சிறகை உதறினாள். “மரங்கொத்தி அடுத்தவர் பொந்தில் குடிபோனதாக உண்டா? மைனாகூடச் சிரிக்குமே!”

கொண்டையன் காளானைப் பார்த்தான். செம்பியின் கனத்த வயிற்றைப் பார்த்தான்.

இன்னதென்று அறியாததை நோயென்று அழிப்பவன், தன் பிள்ளைகளின் வீட்டையே அழிக்கிறான்.

கொண்டையன் செம்பியை அழைத்துக்கொண்டு, கிளியின் பழைய பொந்துக்குக் குடிபோனான்.