பன்னிரண்டு பூட்டுகள்

“தெய்வானை, உங்க ஆளுங்களால என் உசுரு போகுது” என்றார் இசக்கிமுத்து.

அவர் அட்டை ஆலைக்கு மேனேஜர். தென்காசிக்காரர். தங்கமான மனுஷன்தான், ஆனால் வாயைத் திறந்தால் ‘சீக்கிரம்’ என்கிற சொல்தான் முதலில் வரும். தெய்வானை அங்கே பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஊரோ கோயம்புத்தூர்ப் பக்கம்.

“என்னங்க சார் ஆச்சு?”

“மெஷின் ஆறு மாசத்துல ஒரு தடவையாவது நடுவுல நின்னிருக்கா?”

“இல்லீங்க.”

“பின்ன எதுக்கு வியாழக்கிழமை தவறாம நிறுத்துதீங்க?”

“அதனாலதானுங்க நிக்கல.”

மனுஷன் அடுத்த புகாருக்குத் தாவினார்.

அங்கே ஒரு வழக்கம். மெஷினுக்குள் நுழைகிறவர் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை மெஷின் ஓடாது. போன வாரம் பிட்டர் ரங்கராசு பூட்டை மறந்து டீ குடிக்கப் போய்விட்டான். அரை மணி நேரம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“பூட்டுக்கு ரெண்டு சாவி உண்டுல்லா? ரெண்டாவது சாவியெல்லாம் ஒரு வளையத்துல கோத்து சுவிட்சு பக்கத்துல மாட்டு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள லோடு ஏறலைன்னா பார்ட்டி வேற மில்லுக்குப் போயிருவான். அப்புறம் நமக்கெல்லாம் பட்டை நாமம்தான்.”

“மாட்டிடறனுங்க. இன்னைக்கு வியாழக்கிழமை, மெஷின் நின்னுதானுங்க இருக்குது. நீங்களும் ஒருதரம் பூட்டுப் போட்டு உள்ள வந்து பாருங்க.”

“அதுக்கென்ன, வாரேன்.”

பூட்டோடு ஒரு சீட்டு தொங்கும். அதில் பெயர், அதற்குக் கீழே ‘வீட்டில் காத்திருப்பவர்’. ரங்கராசு தன் மகள் பெயரை எழுதியிருந்தான். தெய்வானை ‘மாமியார், எருமை’ என்று எழுதியிருந்தாள். இசக்கிமுத்து பெயரை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். மனைவி போய் நாலு வருஷம், பையன் கனடாவில்.

“எனக்கு யாரு இருக்கா? லாட்ஜ் ரூம்தான்” என்று சிரித்தார். தெய்வானைக்குச் சிரிப்பு வரவில்லை.

வாட்சையும் போனையும் சுவிட்சு பக்கத்தில் இருந்த தட்டில் வைத்தார். பூட்டைப் போட்டார். உள்ளே தவழ்ந்தார்.

உருளைகளுக்கு நடுவே பத்து நிமிஷம். மறுபக்கம் தலையை நீட்டினால், ஜன்னல் வழியே பார்ட்டியின் கார் வாசலில் நிற்கிறது! சீக்கிரம்! கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார், காரில் ஏறினார், ஊருக்குள் சாப்பிடப் போய்விட்டார். பூட்டு, போன் ஞாபகம் மருந்துக்குக்கூட இல்லை.

நாலு மணிக்குத் திரும்பினார். மெஷின் சத்தத்தைக் காணோம். லாரி காலியாக நின்றது.

“எந்த மடையன் பூட்டு இன்னும் தொங்குது?” கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்ற வெளியே வந்திருந்த தெய்வானை திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் கிரீஸ். அவரைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க பூட்டுதானுங்க சார்.”

சட்டைப் பையைத் தொட்டார். சாவி இருந்தது.

“வளையத்துல என் ரெண்டாவது சாவி இல்லையா?”

“இருக்குதுங்க.”

“எடுத்துத் திறந்திருக்கலாம்லா?”

“நீங்க உள்ள இருந்தா?”

“நான் கார்லல்லா போனேன்!”

“கார் போனதைத்தான் வாட்ச்மேன் பார்த்தாராமுங்க. காருக்குள்ள யாருன்னு பார்க்கலையாமுங்க. உங்க போன் தட்டுல கிடக்குது. பூட்டு தொங்குது. எந்த இடுக்குல மயங்கிக் கிடக்கறீங்களோன்னு...”

தட்டிலிருந்த போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ஆர்டர் போயிரும்னு தெரியும்லா உனக்கு?”

“தெரியுமுங்க.”

இசக்கிமுத்து சுவிட்சைப் பார்த்தார். காலையில் ஆறு பூட்டுதான் இருந்தது. இப்போது அவருடைய பூட்டைச் சுற்றிப் பதினொன்று. கேன்டீன் மாஸ்டர் பெயரில்கூட ஒன்று.

தன் பூட்டைக் கழற்றினார். மற்றப் பதினொன்றும் அப்படியே தொங்கின.

“இவங்கல்லாம் எங்க?”

“உள்ளதானுங்க. இன்னும் உங்களைத் தேடிட்டு இருக்கறாங்க. நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது.”

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். விட்டுவிட்டு மறுபடியும் அடித்தான்.

இசக்கிமுத்து கழற்றிய பூட்டைத் திரும்பவும் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டார். அப்புறம்தான் முழங்கால் போட்டு மெஷினுக்குள் தலையை நீட்டினார்.

“ஏலே ரங்கராசு! நான் இங்கதாம்ல இருக்கேன்!”

உள்ளே டார்ச் வெளிச்சங்கள் அவர் பக்கம் திரும்பின.

“எல்லாரும் வெளிய வாங்கலே... பார்த்து, மெதுவா வாங்க!”