அணைத்த போனுக்குச் சம்பளம்

புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில், முதல் மணி அடித்த கையோடு, மட்டியூர்ப் பள்ளிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. தலைமையாசிரியர் குழந்தைவேலு எழுந்து நின்று அதைப் படித்தார்.

'ஆங்கில இலக்கணம் இனி வேண்டாம். வாக்கியத்தைப் பிரிக்கக் கூடாது. மாணவர்கள் நல்ல உச்சரிப்பைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் போதும். ஆய்வின்போது சொல்லாவிட்டால் பள்ளி மூடப்படும்.'

கரும்பலகையில் கோடு கிழித்து, எழுவாயை இடப்புறமும் பயனிலையை வலப்புறமும் இருத்தி, மற்றச் சொற்களைக் கீழே கிளை கிளையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லி டீச்சரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அதில் பிழையே இல்லை. ஆகவே யாருக்கும் புரியவில்லை.

"நல்ல உச்சரிப்புக்கு யாரைப் பிடிக்க, ஐயா?" என்றார் குழந்தைவேலு.

தாளாளர் ஆவுடையப்பன் தம் போனை எடுத்துக் காட்டினார். "ஏன் வே, உம்ம போனை அணைச்சுட்டு என் போன்லருந்து கூப்பிட்டா, ஒரு அம்மா பேசுதாங்கல்லா? நாக்குல பிசிறே கிடையாது."

"இப்படி ஒருத்தங்க சும்மா கிடக்கையிலயா அந்த டீச்சருக்குச் சம்பளம் கொடுத்தோம்!"

"உம்ம போனை மட்டும் திறந்துராதீரும். அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

மறுநாள் முதல் ஆவுடையப்பனின் போன் வகுப்பு மேசையில் அமர்ந்து, "தி நம்பர் யூ ஹாவ் டயல்ட் இஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்" என்றது. வகுப்பு திருப்பிச் சொன்னது. வாக்கியத்தைப் பிரிக்கக் கூடாதென்பதால், நடுவே மூச்சுவிட்டவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள். குழந்தைவேலுவோ தம் போனைத் திறக்கவே இல்லை. வெளியூரில் மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தியைப் பால்காரர் சொல்லித்தான் அறிந்தார்.

மார்கழியில் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். "எத்தனை தடவை கூப்பிடுறது? போன் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று குழந்தைவேலுவைக் கடிந்துகொண்டு, முன்வரிசைச் சிறுமி மீனலோசனியிடம் திரும்பினார்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

பள்ளியே அவள் நாக்கு நுனியில் நின்றது.

"தி நம்பர் யூ ஹாவ் டயல்ட் இஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்!" ஒரே மூச்சு.

அதிகாரி திடுக்கிட்டுத் தம் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். மெய்தான்; சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது.

"நானே கவனிக்கலை! பாப்பா கண்டுபிடிச்சு, அதையும் இங்கிலீஷ்ல சொல்லுது! யாருங்க டீச்சர்?"

குழந்தைவேலு பணிவுடன் மேசையைச் சுட்டினார். அதிகாரி அதற்கும் ஒரு வணக்கம் வைத்து, 'முதல் தரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

தை பிறந்தது முதல், மாதந்தோறும் ஒன்றாம் தேதி ஆவுடையப்பன் தம் சொந்தப் பணத்தில் குழந்தைவேலுவின் அணைத்த போனுக்கு ரீசார்ஜ் செய்துவருகிறார்; அதுதான் புது டீச்சரின் சம்பளம். பொங்கலுக்குச் சுங்குடிச் சேலை குழந்தைவேலுவின் செலவு. என்ன நிறம் வேண்டுமென்று இருவரும் பலமுறை கேட்டுப் பார்த்தார்கள். அந்தம்மாள் பழைய பதிலையே சொன்னதால், "கூச்சப்படுதாங்க" என்று முடிவுசெய்து, பச்சையில் எடுத்து அந்த அணைத்த போனுக்கே சுற்றிவிட்டார்கள்.