நூறடி ஒயரும் நாற்பது விருந்தாளிகளும்

சிவஞானம், மெய்ஞானம், திருஞானம் என்று அண்ணன் தம்பி மூவர். இருந்த ஞானத்தையெல்லாம் அப்பா பேர் வைப்பதிலேயே தீர்த்துவிட்டார்.

மறுநாள் தங்கை பிரமுவுக்கு நிச்சயம். மதுரையிலிருந்து தென்காசிக்கு மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வருகிறார்கள். காலைப் பலகாரம் இட்லி. தோட்டத்துக் கொட்டகையில் கிரைண்டரை வைத்து, வீட்டு பிளக்கிலிருந்து நூறடி ஒயர் இழுத்திருந்தார்கள், ஊதுபத்தி கனத்தில். கிரைண்டர் முனகியது, கல் அசையவில்லை.

எலக்ட்ரீஷியன் சேவியர் வந்து பார்த்தார்.

"ஒயர் நீளம், அதோட ஒல்லி. அதான் தடை ஜாஸ்தி, அண்ணாச்சி. கரண்டைத் தள்ளுறது வோல்டேஜ். வீட்ல இருநூத்தி இருபது கெளம்புது. வழியிலேயே பாதி தீந்துபோயி இங்க நூத்தி பத்துதான் வந்து சேருது. நீளத்தைக் கொறைங்க, கனத்தைக் கூட்டுங்க. கரண்ட் தானா ஓடும்."

சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார். போயிருக்கக் கூடாது.

"வெட்டினா நீளம் கொறையும்," என்றான் திருஞானம்.

"நல்ல ஒயரை எவனாவது வெட்டுவானாலே? சுருட்டு," என்றார் மூத்தவர்.

நூறடியும் ஒரு கூடையில் அடங்கியது. கிரைண்டரைத் தூக்கிவந்து பிளக்குக்கு நேர் கீழே வைத்து, நடுவில் கூடையை வைத்தார்கள். நீளம் குறைந்தாயிற்று. கனத்துக்கு அப்பாவின் கம்பளியைச் சுற்றினார்கள். சுவிட்சைப் போட்டார்கள். கிரைண்டர் முனகியது. கம்பளி புகைந்தது.

"கரண்ட் வந்துட்டு! ஆவி பறக்கு பாருல!" என்றான் மெய்ஞானம்.

பிரமு ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். கூடை முற்றத்தில் போய் விழுந்தது.

"நாளைக்கு அவங்க இலையில என்னத்தை வைக்க? உங்க மூளையையா? மூணு பேருதையும் சேத்தாலும் ஒரு இலைக்குப் பத்தாது!"

கிரைண்டரின் சொந்த ஒயரைப் பிளக்கில் செருகினாள். கல் சுற்றியது.

காலையில் மாவு பொங்கி நின்றது. பிரமு அலங்காரத்தில் உட்கார, அடுப்படி அண்ணன்மார் கைக்குப் போனது. சிவஞானம் கரண்டியும் கையுமாக யோசித்தார்.

"மதுரை எவ்வளவு தூரம்லே?"

"நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கும்ணே."

"நூறடியிலேயே பாதி போச்சே. ரோடு வேற ஒல்லி."

"அப்போ நாப்பது பேரு கெளம்பினா?"

"தாராளமா வச்சாலும் இருபதுதான் வந்து சேரும்."

இருபது பேருக்கு அவித்தார்கள். மிச்ச மாவை மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள்.

வேனிலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். சிவஞானம் இரண்டு தடவை எண்ணினார். கண் கலங்க மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பது பேரா கெளம்பினீங்க? மத்த நாப்பது பேரு வீட்டுக்கும் தகவல் சொல்லியாச்சா, அண்ணாச்சி?"