மகாராஜாவைத் தூங்க வைத்த எட்டுக்கால்காரி

வெகு காலத்துக்கு முன்னே, எறும்புகள் வரிசை தப்பினால் ஒன்றிடமொன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்ட காலத்திலே, கூவள நாட்டைத் திருமேனி பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. திங்கட்கிழமை பட்டம் கொடுத்தவனைச் செவ்வாய்க்கிழமை, "நீ யாரப்பா?" என்று கேட்பார். அவரிடம் மாறாதது ஒன்றே ஒன்று, மத்தியானத் தூக்கம். அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் கொட்டில் யானைகூட நுனிக்காலில்தான் நடக்கும். நம்பாவிட்டால் யானையைக் கேளுங்கள்.

அந்த அரண்மனையில் ஒட்டடை அடிக்கிறவள் சடச்சி. இருபது வருஷமாக அதுதான் அவள் வேலை. கம்பைத் தூக்குமுன் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள். "நகரு தாயி, அடிக்கப்போறேன்" என்பாள். சிலந்தி ஓடி ஒளிந்த பிறகே வலையைக் கலைப்பாள். இதைப் பார்த்து ராணி சிரிப்பாள். ராஜாவும் ஒருநாள், "இவளுக்கு இருக்கிற பொறுமை என் அவையில் ஒருத்தருக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

வந்தது வினை. அலங்கார அதிகாரி மகுடபூஷணத்துக்கு அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அடுத்த வாரமே ராஜாவின் காதருகே குனிந்தார்.

"பிரபு, நேற்று வந்த அயல்நாட்டுத் தூதன் உங்களைப் பார்த்துச் சிரித்தான்."

"ஏன்?"

"சிம்மாசனத்துக்கு மேலே ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. இந்த நாட்டில் ராஜாவுக்கு மேலேயும் ஒரு ராஜாவா என்று கேட்கிறான்!"

ராஜாவின் மீசை துடித்தது. "இன்று பொழுது சாய்வதற்குள் அரண்மனையில் ஒரு சிலந்தி இருக்கக்கூடாது. வைத்துக் காப்பாற்றுகிறவர் நாடு விட்டுப் போகவேண்டும்!"

சேவகர்கள் துடைப்பத்தோடு கிளம்பினார்கள். சடச்சி அவர்களுக்கு முன்னால் அறை அறையாக ஓடி, சுவரைத் தட்டித் தட்டி, அகப்பட்டதையெல்லாம் முறத்தில் ஏந்தி எங்கேயோ கொண்டுபோய்விட்டாள்.

பதினைந்தே நாள். அரண்மனை பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் கொசுவும் ஈயும் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி குடும்பத்தோடு வந்து இறங்கின. ஒரு கொசு புறாவளவு இருந்தது என்று சொல்வார்கள். அது பொய். குருவியளவுதான் இருந்தது. ராஜா புரண்டார், அறைந்தார், தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டார். தூக்கம் போயிற்று.

அன்றைக்கென்று, எங்கோ இடுக்கில் தப்பியிருந்த கடைசிச் சிலந்தியை முறத்தில் கொண்டுபோன சடச்சியை மகுடபூஷணம் பிடித்துவிட்டார்.

"பிரபு! கையும் களவுமாக!"

ராஜா சிவந்த கண்ணோடு பார்த்தார். "சடச்சி, மற்றதையெல்லாம் எங்கே ஒளித்தாய்?"

"சொல்றேன் சாமி. சொல்லிட்டு ஊரை விட்டும் போறேன். அதுக்கு முன்னால மகராசா ஒரு மத்தியானம் நல்லாத் தூங்கணும். அந்த முகத்தைப் பார்த்துட்டுப் போனா எனக்கு ஆறுதல்."

"தூங்க வைக்க உன்னால் முடியுமா?"

மகுடபூஷணம் குறுக்கே விழுந்தார். "அதற்கு நான் இருக்கிறேன், பிரபு! முடியாவிட்டால் இவளுடைய ஒட்டடைக் கம்பை நான் தூக்குகிறேன்!"

"ஐயாவே முதல்ல செய்யட்டும்" என்றாள் சடச்சி.

மகுடபூஷணம் நாற்பது பேரை மயில்விசிறியோடு கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். நாற்பது விசிறியும் ஒரே சமயத்தில் வீசியதில் ராஜாவின் போர்வை பறந்து நந்தவனத்தில் விழுந்தது. ஒருவன் கொசுவைக் குறிவைத்து ராஜாவின் மூக்கைத் தட்டினான். சாம்பிராணிப் புகை போட்டார்கள். கொசு போகவில்லை, ராஜாதான் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

"சடச்சி! எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ!"

கொல்லைப்புறக் கொட்டகையில் பழைய பல்லக்கு ஒன்று கிடந்தது. சடச்சி திரையை விலக்கினாள். அரையிருட்டு. ரீங்காரமில்லை. ராஜா உள்ளே சாய்ந்தார். அவ்வளவுதான். அவர் விட்ட குறட்டையில் கூரை ஓடு மூன்று இடம் மாறியது.

கண் விழித்தபோது ராஜாவின் முகம் குழந்தை முகமாக இருந்தது. "அருமையான தூக்கம்! இப்போது சொல், எங்கே அந்தச் சிலந்திகள்?"

"மேலே பாருங்க சாமி."

பல்லக்கின் கூரை முழுக்க வலை. வலைக்கு வலை சிலந்தி. அவர் மீசைக்கு ஒரு சாண் மேலே, நூல் போன்ற கால்களை மடக்கி ஒருத்தி தொங்கினாள். ராஜாவுக்கு வியர்த்தது.

"கடிக்குமா?"

"இத்தனை நேரம் உங்க வாய் திறந்துதான் இருந்துச்சு மகராசா. எட்டிக்கூடப் பார்க்கலை. உங்க காதுக்கு வந்த கொசுவைத்தான் பக்கத்து வலைக்காரி பிடிச்சா."

"வாயில் என்ன வைத்திருக்கிறாள்?"

"முட்டை. அது பொரியிற வரைக்கும் கீழே வைக்க மாட்டா. இரை தட்டுப்பட்டாலும் பெரும்பாலும் தொடமாட்டா."

ஒருவேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலே மந்திரிகளைத் திட்டுகிற ராஜா, வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மகுடபூஷணம் துடைப்பத்தோடு பாய்ந்து வந்தார். "ஆபத்து, பிரபு! இதோ அடிக்கிறேன்!"

"உஸ்ஸ்!" ராஜா விரலை உதட்டில் வைத்தார். "பிள்ளைக்காரி இருக்கிற இடத்தில் என்னய்யா கூச்சல்? சடச்சி எங்கேயும் போகவேண்டாம். நாளை முதல் என் அவையில் உட்காரட்டும்."

"நான் உட்கார்ந்துட்டா ஒட்டடை யார் சாமி அடிப்பா?"

"வாக்குக் கொடுத்தவர் இதோ நிற்கிறாரே. பூஷணம், அடிக்குமுன் சுவரைத் தட்டவேண்டும். மரியாதையாக."

அரண்மனைச் சிலந்திகள் அவரவர் மூலைக்குத் திரும்பின. முட்டைக்காரியை மட்டும் அசைக்கவில்லை. ராஜா தினமும் மத்தியானம் பல்லக்குக்கே போய்வந்தார்.

ஒருநாள் அவை கூடி இரண்டு நாழிகையாகியும் ராஜாவைக் காணோம். தளபதி வாளை உருவிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். பல்லக்கில் ராஜா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"மன்னவா! என்ன ஆயிற்று?"

ராஜா உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார்:

"குஞ்சு பொரிந்துவிட்டது. ஒன்று என் மீசையில் இறங்கியிருக்கிறது. அது கிளம்பட்டும், நானும் வருகிறேன்."